கடல் ஏறினால் அடிக்கும் மணி

மச்சாள்,

இங்கே பிள்ளைகள் எல்லோரும் சுகம். எப்போதும் போல அதைத்தான் முதலில் சொல்லுகிறேன். எப்போதும் போல நீயும் முகம் திருப்பாமல் கேட்டுக்கொண்டிரு. மூத்தவளின் பெரியவன் கண்டியில் பல் வைத்தியத்துக்குப் படிக்கிறான், இறுதி ஆண்டு. அவனுடைய தம்பி சிலாபத்தில் வங்கி வேலைக்குப் போகிறான். வெயில் எரிக்க எரிக்கக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறான். அவுஸ்திரேலியாவில் வசந்தனின் மகள் நீச்சல் போட்டியில் வெள்ளிப் பதக்கம் எடுத்திருக்கிறாள். இங்கே வந்தபோது கடலில் கணுக்கால் நனைக்கப் பயந்த பிள்ளை அது. சின்னவளின் மகள் துஷி, நம்முடைய உடப்புப் பள்ளிக்கூடத்து விஞ்ஞான மன்றத்துக்குத் தலைவியாகிவிட்டாள். ஒரு பெட்டைப் பிள்ளை அந்த மன்றத்துக்குத் தலைவியாவது இதுதான் முதல் தடவையாம்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கைக்கு இது நல்ல வேகம். இனித்தான் பேனை ஓடமாட்டேன் என்கிறது.

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருசம் ஆகப்போகிறது. போன கிழமை பின்னேரம் நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஹோலுக்குள் திடீரென்று ஒரு மணி கிணுகிணுத்தது. கையிலிருந்த மீன் வழுக்கிச் சட்டிக்குள் விழுந்தது. மணிக்கூட்டு மணி, மச்சாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ காலம். எழுந்து போய்ப் பார்த்தால் துஷி நிலத்தில் சப்பணமிட்டு இருக்கிறாள். முன்னால் ஒரு பழைய எலாம் மணிக்கூடு, இரண்டு பற்றறி, சிவப்பு வயர், நீல வயர். மன்றத்தின் ஆண்டு விழாக் கண்காட்சிக்காம். "அம்மம்மா, வசந்தன் மாமா அந்தக் காலத்தில செஞ்ச பெட்டியைத் திரும்பச் செய்யப் போறம்" என்றாள். சுவரில் தொங்கும் சான்றிதழைக் காட்டி, "இதுக்குக் கிடைச்சதுதானே இது?" என்று கேட்டாள்.

ஓம் என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

அந்தப் பெட்டியை நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை. அதன் மணிக்கூடே உன்னுடையது. ஆனாலும் சொல்லுகிறேன், ஏனென்று பிறகு சொல்லுவேன்.

நம்முடைய பொடியன்மார் இரண்டு பேரும், என் மகன் வசந்தனும் உன் மகன் சிவாவும், அப்போது உயர்தர வகுப்பு. சண்டைக் காலம். வடக்கில் குண்டு விழுந்தாலும் தெற்கில் குண்டு வெடித்தாலும் நம்முடைய ஊரில்தான் ஆமிக்காரர் வந்து பொடியன்மாரை எண்ணிப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் எல்லாத் தாய்மாரின் நேர்த்தியும். அந்த நேரத்தில்தான் புதிதாக வந்த விஞ்ஞான மாஸ்டர், வாரத்தில் ஒரு நாள் பின்னேரம் மன்றம் நடத்தப்போவதாகச் சொன்னார். வசந்தனைத் தலைவராகத் தெரிவு செய்தார்கள். உன்னுடைய சிவாவுக்குப் பதவி ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததை அவனும் கவனிக்கவில்லை, நீயும் கவனிக்கவில்லை. நான்தான் கவனித்தேன்.

மன்றம் நடக்கும் நாட்களில் நீயும் நானும் பள்ளிக்கூடத்து வேலிக்கு வெளியே போய் நிற்போம். வீதியில் ஜீப் வந்தால் உள்ளே போய்ச் சொல்லவேண்டும் என்று ஒரு நினைப்பு. ஜீப் வந்தால் நம்மால் என்ன செய்ய முடியும் என்று அப்போது யோசிக்கவில்லை. உள்ளே பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்கும். ஒருநாள் என்னவோ புகைந்து, எல்லோரும் இருமிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். மாஸ்டரும் ஓடி வந்தார். நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். "இதுக்குத்தானா மச்சாள் நாம காவல் நிக்கிறம்?" என்றாய்.

சோளகக் காற்று எழும்பும் மாதங்களில் கடல் சொல்லாமல் கொள்ளாமல் ஏறி, கரையில் இழுத்து வைத்த வள்ளங்களைக் கழற்றிக்கொண்டு போகும் அல்லவா? அதற்குத்தான் அந்தப் பெட்டி. கரையில் ஒரு தடி நட்டு, அதில் வலையின் மிதப்புக் கட்டை ஒன்று. தண்ணீர் ஏறினால் கட்டை எழும்பும். எழும்பினால் இரண்டு செப்புத் தகடு ஒன்றோடொன்று முட்டும். முட்டினால் வீட்டுக்குள் மணி அடிக்கும். யோசித்தது யார், செய்தது யார் என்று நான் கேட்கவில்லை. தலைவர் வசந்தன், ஆகவே வசந்தன்தான் செய்தான் என்பது என் கணக்கு.

மணிக்கு எலாம் மணிக்கூடு ஒன்று தேவைப்பட்டது. உன்னுடைய வீட்டில்தான் அது இருந்தது. உன் புருசனை விடியற்புறம் கரைவலைக்கு எழுப்புவதே அந்த மணிக்கூடுதான். சிவா கேட்டதும் தூக்கிக் கொடுத்துவிட்டாய். எனக்குத் திகைப்பாகிவிட்டது. என் அண்ணனை இனி எப்படி எழுப்புவாய் என்று கேட்டேன்.

"மணிக்கூடு என்னத்துக்கு மச்சாள், ஆளை எழுப்ப என்ட வாய் காணும்."

அதைக் கேட்டு உன் புருசன் முற்றத்திலிருந்து, "அதுக்குச் சாவி குடுக்கவும் தேவையில்லை" என்றார். சிவா பிஸ்கட் தகரப் பெட்டிக்குள் உன் மணிக்கூட்டை வைத்து, முகம் வெளியே தெரியும்படி வட்டமாக வெட்டினான். பற்றறிகளைக் கறுப்புத் துணி நாடாவால் சுற்றிக் கட்டினான். அவன் செய்ததை நான் என் கண்ணால் கண்டேன், மச்சாள். உன் வீட்டு வாசலில் இருந்துதான் செய்தான். வசந்தன் பக்கத்தில் இருந்து, கண்காட்சியில் பேச வேண்டிய பேச்சைப் பாடமாக்கிக்கொண்டிருந்தான். அதையும் கண்டேன். கண்டிருந்தும் என் கணக்கை நான் மாற்றவில்லை.

கரையில் வைத்துப் பார்த்த பின்னேரம் உனக்கு நினைவிருக்குமே. ஊரே கூடிவிட்டது. கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "டேய், கடல் ஏறினா என்ட காதுக்குக் கேக்கும். இதுக்கொரு பிஸ்கட் பெட்டியா?" என்றார். சிவா தண்ணீருக்குள் இறங்கி மிதப்பைக் கையால் தூக்கினான். உன் வீட்டுக்குள் மணி அடித்தது. சம்மாட்டியார் தலையைச் சொறிந்துகொண்டு, "நல்லதுதான். ஆனா மணி கேட்டா எங்கட சனம் பூசையெண்டு கோயிலுக்கெல்லோ ஓடும், வள்ளத்துக்கு ஆர் வாறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிவாவும் சிரித்தான். அவனுக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி உண்டு. அந்தச் சிரிப்பைத்தான் நான் இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

புத்தளத்தில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் கண்காட்சி. மாஸ்டர் மன்றத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனார். நம்முடைய பெட்டிக்கு முதல் பரிசு. ஒரு சான்றிதழ், அதில் இரண்டு பெயர். முதலில் வசந்தன், அடுத்தது சிவா. தலைவர் என்றபடியால் சான்றிதழ் வசந்தனின் பையில். செய்தவன் என்றபடியால் பெட்டி சிவாவின் மடியில்.

திரும்பி வரும் வழியில், மதுரங்குளி தாண்டி ஒரு சோதனைச் சாவடி. அந்தக் காலத்தில் சாவடிக்குச் சாவடி எல்லோரும் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, நடந்து அந்தப் பக்கம் போய் ஏறவேண்டும். உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அன்று பின்னேரம் வசந்தன் வந்தான். சிவா வரவில்லை.

பிஸ்கட் பெட்டி, வயர், கறுத்த நாடா சுற்றிய பற்றறி, நடுவில் மணிக்கூட்டு முகம். அதைக் கண்ட ஆமிக்காரனுக்கு அது வேறு எதாகத் தெரியும்? நம்முடைய பிள்ளைகளுக்கு அது கடல் பார்க்கும் பெட்டி. அதை மூடி மறைக்க வேண்டும் என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் வள்ளத்தைத்தான் நினைத்தோம். மாஸ்டர் முன்னால் போய்விட்டாராம். திரும்பி ஓடி வந்து சிங்களத்தில் கெஞ்சியும் பார்த்தாராம். சிவாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

வசந்தன் முற்றத்தில் நின்று ஒரே வசனம்தான் சொன்னான். தான் மாஸ்டரோடு முன்னால் போய்விட்டதாகவும், பின்னால் என்ன நடந்தது என்று தெரியாது என்றும். நான் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அதற்குமேல் கேட்கவில்லை.

நீ ஓடி வந்தாய். என் முற்றத்தில் வசந்தனைக் கண்டதும் நின்றாய். அவன் தலையைத் தடவினாய். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாய், "ஒருத்தனாவது வந்தானே, மச்சாள்."

அந்த வசனத்தை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். தன் பிள்ளையைக் காணாத நேரத்திலும் என் பிள்ளையைப் பார்த்து ஆறுதல் பட்டவள் என்று. உன் மனசைப் புகழ்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

சிவா திரும்பி வந்தபோது அடுத்த பொங்கலும் முடிந்துவிட்டது. அதற்கிடையில் நீ ஏறி இறங்கிய இடம் எல்லாம் எனக்குத் தெரியும். வக்கீல் வீடு, சிறைச்சாலை வாசல், கோயில். அம்மனுக்கு நேர்ந்து, மடியேந்தி வீடு வீடாகப் பிச்சை எடுத்தாய். முதலில் என் வாசலுக்குத்தான் வந்தாய். நான் இரண்டு கையாலும் அரிசியை அள்ளிப் போட்டேன். போட்டுவிட்டு, என்னால் முடிந்ததைச் செய்கிறேன் என்று மனதுக்குள் ஒரு நிறைவு. உன் மடி நிறைந்ததைவிட என் மனசுதான் அதிகம் நிறைந்தது.

வந்த சிவா பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. மாஸ்டர் இடம் மாறிப் போய்விட்டார். மன்றமும் நின்றுவிட்டது, வெகு காலத்துக்குப் பிறகுதான் திரும்பத் தொடங்கினார்கள். அவன் தகப்பனோடு கரைவலைக்குப் போனான். பிறகு திருகோணமலைப் பக்கம் பருவ மீன்பிடிக்குப் போனவன் அங்கேயே கலியாணம் முடித்து, வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவனாகிவிட்டான். வசந்தன் சோதனை பாஸ் பண்ணி, கம்பஸ் போய், எஞ்சினியராகி, வெளிநாடும் போய்விட்டான். அந்தச் சான்றிதழை நான் கண்ணாடி போட்டு ஹோலில் மாட்டினேன். வருகிற போகிறவர்களுக்குக் காட்டினேன். அடியில் இருந்த இரண்டாவது பெயரை யாராவது கேட்டால், "அது இவ மகன். பாவம், அவனுக்கு அப்பிடி ஆகிப்போச்சு" என்பேன். நீ பக்கத்தில் இருக்கும்போதே சொல்லுவேன்.

கடல்காற்றுக்கு அந்தக் கண்ணாடி ஒரு பக்கம் சரிந்துவிடும். நீ வரும்போதெல்லாம் அதை நிமிர்த்தி வைப்பாய். "சரிஞ்சிருக்கு மச்சாள்" என்று சொல்லிக்கொண்டே பெருவிரலால் ஒரு மூலையைத் தூக்கிவிடுவாய். அதன் பிறகுதான் கதிரையில் இருப்பாய். நான் தேத்தண்ணி கொண்டு வருவேன். வசந்தன் வீடு வாங்கின கதை, கார் வாங்கின கதை, பிள்ளை பிறந்த கதை. நீ தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிப்பாய், ஓம் ஓம் என்பாய்.

ஒருநாள் சொன்னேன், ஆம்பிளைப் பிள்ளைகளைக் கண்ணுக்குள் வைத்து வளர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இப்படித்தான் அகப்பட்டுக்கொள்ளுவார்கள் என்று. உனக்குப் புத்தி சொல்லுகிறேன் என்று நினைத்தேன். நீ கோப்பையை நிலத்தில் வைத்தாய். ஒரு நிமிசம் என் முகத்தைப் பார்த்தாய். பிறகு, "மீன் காயப் போட்டிட்டு வந்தன், காகம் கொத்தும்" என்று எழும்பிப் போய்விட்டாய். போகும்போதும் அந்தச் சான்றிதழ்க் கண்ணாடியை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் போனாய்.

இனி போன கிழமைக்கு வருகிறேன்.

துஷி அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னம் மாமாவுக்கு வீடியோ கோல் எடுத்தாள். மன்றத்தின் பழைய தலைவர் என்று கண்காட்சிப் பலகையில் அவன் படம் போடப் போகிறார்களாம். அதைச் சொன்னதும் அவன் முகம் மலரும் என்று பார்த்தேன், மலரவில்லை. மிதப்பு எழும்பும்போது தகடு இரண்டும் எப்படி முட்டியது, உப்புத் தண்ணி படாமல் வயரை எதனால் மூடினீர்கள் என்று அவள் கேட்டாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினான். அவள் விடவில்லை.

"நீங்கதானே மாமா செஞ்சது?"

"சிவா செஞ்சது. நான் பேச்சுத்தான் பேசினன்."

பிறகு, போனை அம்மம்மாவிடம் கொடு, நீ கொஞ்சம் வெளியே போ என்றான். துஷி போனாள். அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். தலை நரைத்த பிள்ளை, எனக்கு முன்னால் பதினேழு வயசுப் பொடியனாக அழுதான்.

மாஸ்டரோடு முன்னால் போனதாகச் சொன்னது பொய்யாம். வரிசையில் சிவாவுக்குப் பக்கத்தில்தான் நின்றானாம். ஆமிக்காரன் பெட்டியைத் தூக்கிப் பிடித்து, "மேக காகெத?" என்று கேட்டானாம், இது யாருடையது என்று. சிவா இவனைப் பார்த்தானாம். தலைவர் இவன், சிங்களம் கொஞ்சம் தெரிந்தவனும் இவன், சான்றிதழ் இருந்ததும் இவன் பையில். கண்காட்சிக்குச் செய்தது, இதோ தாள், இரண்டு பேரின் பெயரும் இருக்கிறது என்று சொல்ல வேண்டியவன் இவன். இவன் நிலத்தைப் பார்த்தானாம். சிவா கொஞ்சம் பொறுத்திருந்துவிட்டு, "மகே" என்றானாம். என்னுடையது என்று. அதைக் கேட்டுக்கொண்டே இவன் நடந்து அந்தப் பக்கம் போய் பஸ்ஸில் ஏறிவிட்டானாம்.

தாளைக் காட்டியிருந்தால் விட்டிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் இரண்டு பேரையும்தான் ஏற்றியிருப்பார்களோ, அதுவும் தெரியாது. ஆனால் தாள் அங்கே இருந்தது. நான் கண்ணாடி போட்டு மாட்டினேனே, அந்தத் தாள்.

சாவடியில் எல்லோரும் இறங்கி ஒரே வரிசையில்தான் நடக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? "முன்னால போயிட்டன்" என்று அவன் சொன்னபோது, எவ்வளவு முன்னால் மகனே என்று கேட்கும் அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. அதற்கு ஐந்தாம் வகுப்பே தேவையில்லை.

நான் ஒன்றைத்தான் கேட்டேன். "மாமிக்குத் தெரியுமா?"

"தெரியும். சிவா வந்த உடனேயே சொல்லிட்டான்."

"ஏன்டா எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"நான் சொல்லத்தான் போனன், அம்மா. மாமிதான் மறிச்சவ. 'உன்ட அம்மா உன்னை வைச்சுத்தான் நிமிர்ந்து நடக்கிறா. அதைக் கெடுக்காத. நீ படி' எண்டா."

மச்சாள், அதற்குப் பிறகு அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் காதில் விழவில்லை. போனை நிலத்தில் வைத்துவிட்டு அப்படியே இருந்தேன். துஷி வந்து சாப்பிடக் கூப்பிட்டாள். அந்த மீன் கறியை நான் தொடவில்லை.

அன்றிலிருந்து உன்னோடு இருந்த ஒவ்வொரு நாளும் திரும்பி வருகிறது. ஒன்றும் முன்பு இருந்த மாதிரி இல்லை. நீ தேத்தண்ணி ஊதிக் குடித்தது, ஓம் ஓம் என்றது, காகம் கொத்தும் என்று எழும்பிப் போனது. மடியேந்தி என் வாசலுக்கு வந்தவள் நீ. ஆனால் அதற்குப் பிறகு அத்தனை வருசமும் மடியேந்தி நின்றது நான்தான், நீ அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறாய். நான் நிமிர்ந்து நடந்த நடை நீ போட்ட பிச்சை. அது தெரியாமல் உனக்கு முன்னாலேயே நடந்து காட்டியிருக்கிறேன்.

கோபமும் வருகிறது, சொல்லிவிடுகிறேன். ஒருதரம் என் கன்னத்தில் அறைந்து சொல்லியிருக்கலாம். நான் ஒரு மாதம் அழுதிருப்பேன். பிறகு நாம் இரண்டு பேரும் சமமாக இருந்திருப்போம். நீ அந்த இடத்தை எனக்குத் தரவில்லை. அப்படி நினைத்துவிட்டு உடனேயே வெட்கப்படுகிறேன். உன்னிடம் இன்னும் என்ன கேட்கிறேன் பார்.

இதைவிட ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவும் சுற்றி வந்தேன்.

வசந்தன் ஒரு வருசம் உனக்கென்று ஒரு சேலை அனுப்பினான். மாம்பழ நிறம், அகலக் கரை. ஊருக்கு வந்தபோதெல்லாம் உன் வீட்டுக்குப் போகாமல் சாக்குச் சொன்னவன், சேலையை மட்டும் ஏன் அனுப்பினான் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பெரிய மனசு என்று ஊரெல்லாம் சொன்னேன். நீ அதை ஒருநாளும் கட்டவில்லை. திருவிழாவுக்குக் கட்டச் சொன்னேன், கட்டவில்லை. எனக்குச் சுருக்கென்றது. கேட்டதற்கு, "நல்ல நாளுக்கெண்டு எடுத்து வைச்சிருக்கன், மச்சாள்" என்றாய்.

நீ கண்ணை மூடிய அன்று, புதுச் சேலை உடுத்த வேண்டும் என்று பெண்கள் அலுமாரியைத் திறந்தார்கள். அந்தச் சேலை கடைக்காரன் சுற்றிய தாள் நாடாவோடு அப்படியே அடியில் கிடந்தது. நான்தான் எடுத்தேன். "என்ட மகன் அவுஸ்திரேலியாவிலிருந்து அனுப்பினது, இதைத்தான் உடுத்தோணும், இதுதான் அவ சொன்ன நல்ல நாள்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். நானே கொசுவம் பிடித்தேன். நானே முந்தானையை இழுத்துவிட்டேன். சிவா திருகோணமலையிலிருந்து வந்து வாசலில் நின்று பார்த்தான். உன் காலடியில் இருந்து, சேலைக் கரையை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விட்டான். அழுகையில் போகிறான் என்று நினைத்தேன்.

உயிரோடு இருக்கும்வரை வேண்டாம் என்று நீ விலக்கி வைத்ததை, நீ வாய் பேச முடியாத நாளில் நான் உனக்குச் சுற்றி அனுப்பிவிட்டேன். அதைத் திரும்ப அவிழ்க்க எனக்கு வழியில்லை. நெருப்போடு போய்விட்டது.

துஷிக்கு மறுநாள் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்று பயந்துகொண்டுதான் சொன்னேன். கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது. கேட்டு முடித்துவிட்டு, "அம்மம்மா, அப்ப அந்தப் பெட்டிக்கு உண்மையில ஆர்ட பேர் முதல்ல வரோணும்?" என்றாள். அவள் போய்ப் பலகையில் ஒட்டியிருந்த தலைப்பை உரித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். சிவா மாமாவின் பெயர் முதலில், வசந்தன் மாமாவின் பெயர் அடுத்தது. பெயர்களுக்கு மேலே படத்துக்கு இரண்டு சதுரம் கோடு போட்டு வைத்திருக்கிறாள். தன்னுடைய படத்தைப் போடவேண்டாம் என்று வசந்தன் சொல்லிவிட்டான். சிவாவின் படம் யாரிடமும் இல்லை. உன் வீட்டில் இருந்ததும் அவன் பள்ளிக்கூடச் சட்டை போட்ட ஒரு சின்னப் படம், பூஞ்சணம் பிடித்து முகம் போய்விட்டது.

சுவரில் கண்ணாடி சரிந்துதான் இருக்கிறது, மச்சாள். பேரப் பிள்ளைகள் நிமிர்த்தப் போனார்கள், நான் தொடவேண்டாம் என்றேன். கழற்றவும் எனக்கு உரிமை இல்லை, அதில் உன் பிள்ளையின் பெயர் இருக்கிறது. நிமிர்த்தவும் எனக்குக் கை வரவில்லை, அது உன் பெருவிரலின் வேலை. ஹோலுக்குள் போகும்போதெல்லாம் "சரிஞ்சிருக்கு மச்சாள்" என்று கேட்கிறது. கேட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போகிறேன்.

உனக்கு எழுதியதை எங்கே தபாலில் போடுவது? அதனால் உறையில் சிவாவின் திருகோணமலை விலாசத்தைத்தான் துஷியைக் கொண்டு எழுதுவித்தேன். அவனுக்கு நேரே எழுத எனக்கு முகமில்லை. உனக்கு எழுதினால் அவன் வாசிப்பான். பெட்டி செய்த கதையை மறுபடி முழுவதும் எழுதினதும் அதற்காகத்தான். அது யாருடைய கையால் நடந்தது என்று எனக்கு அப்போதே தெரியும் என்பதை அவன் என் எழுத்தில் பார்க்கவேண்டும்.

சிவா, இதை வாசிக்கிறது நீதான். உன் மாமி நான், உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ உன் அம்மாவைப் போலவே பரவாயில்லை என்றுவிடுவாய், எனக்கு அது வேண்டாம். வசந்தன் உனக்குப் போன் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். எடுத்தால் கதை, விருப்பமில்லாவிட்டால் வைத்துவிடு. பிள்ளைகள் பலகையில் உன் படத்தைப் போடுவதற்கு நீ சம்மதிக்காவிட்டாலும் நான் கோபிக்கமாட்டேன். இரண்டு சதுரமும் வெறுமையாகவே இருக்கட்டும், பார்க்கிறவர்கள் கேட்கட்டும், துஷி சொல்லுவாள்.

ஆனால் எனக்கு ஒன்று வேண்டும். என் சுவரில் பதினொரு படம் தொங்குகிறது, பட்டமும் பதக்கமும் கோட்டும் சூட்டுமாக. உன் படம் அதில் இல்லை. பழைய படம் தேடாதே. புதிதாக ஒன்று எடு. எஞ்சின் திருத்தும் இடத்தில், கையில் எண்ணெயோடு, உன் பெண்சாதியும் பிள்ளைகளும் பக்கத்தில் நின்றால் இன்னும் நல்லது. முடிந்தால் சிரி, அந்தப் பல் இடைவெளி தெரியட்டும். தபாலில் போடு, மகன். போனில் அனுப்பாதே, அதை என்னால் கையில் பிடிக்க முடியாது.